இரண்டாவது கவுன்சிலிங்

தமிழ்நாட்டில் பிள்ளை பெற்றவர்களுக்குக் ‘கவுன்சிலிங்’ என்றால் ஒரே அர்த்தம்தான். பிளஸ் டூ முடிவு வந்ததும் 200க்கு எத்தனை என்று கட்-ஆஃப் கணக்குப் போட்டு, ரேங்க் பட்டியல் வரும்வரை சரியாகத் தூங்காமல் கிடந்து, கடைசியில் ஒரு கல்லூரியையும் ஒரு பிரிவையும் பிடிப்பது. பொறியியல் கவுன்சிலிங் 2018இல் இணையத்துக்குப் போகும்வரை கிண்டியில், அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் நேரில் நடந்தது. முதல் நாள் இரவே ரயிலேறி வந்து, சான்றிதழ் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கல்லூரியிலும் இடம் குறைந்துகொண்டே வருவதைத் திரையில் பார்த்தபடி குடும்பங்கள் உட்கார்ந்திருக்கும். அப்பா ஒரு கல்லூரியைச் சொல்வார். மாமா இன்னொன்றைச் சொல்வார். அவருடைய ஆபீஸில் யாரோ ஒருவரின் பையன் அங்கே படித்துவிட்டு இப்போது டெக்ஸாஸில் இருப்பான். பிள்ளை நடுவில் உட்கார்ந்திருக்கும். அரசு அதற்கு வைத்த தமிழ்ப் பெயர் கலந்தாய்வு. யார் யாரோடு கலந்தார்கள் என்று எவரும் கேட்டதில்லை.

நான் 27 ஆண்டுகள் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் கணிதம் நடத்திவிட்டு ஓய்வு பெற்றவன். மூன்றாம் செமஸ்டரில் படித்த ஒரு மாணவி ஒருமுறை சிரித்துக்கொண்டே ஒரு விஷயம் சொன்னாள். வீட்டுக்குப் போன் பேசும்போது, “கவுன்சிலிங் போய்ட்டிருக்கேம்மா” என்று வாய்தவறிச் சொல்லிவிட்டாளாம். மறுமுனையில் அம்மா பதறிப்போய், “ஏன்டி, காலேஜ் மாத்தப் போறியா?” என்று கேட்டிருக்கிறார். சிரித்து முடித்த பிறகு அந்தப் பெண் சொன்னாள்: “ஆமான்னு சொல்லிட்டேன் சார். உண்மையைச் சொல்றதுக்கு அது பரவால்ல.”

மகள் மன நிம்மதி தேடி ஒருவரிடம் போய்ப் பேசுகிறாள் என்பதைவிட, கட்டிய பணம் போனாலும் போகட்டும், கல்லூரி மாறுகிறாள் என்பது வீட்டுக்குத் தாங்கக்கூடிய செய்தி. 19 வயதில் அவளுக்கு அது தெரிந்திருந்தது.

இந்த இரண்டாவது கவுன்சிலிங்கைப் பற்றிப் பெற்றோருக்குச் சில விஷயங்கள் சொல்ல வேண்டும். சேர்க்கை நாட்களில் நான் பல ஆண்டுகள் ஹெல்ப் டெஸ்க்கில் உட்கார்ந்திருக்கிறேன். பிளேஸ்மென்ட் எத்தனை சதவீதம், பஸ் எந்த ஸ்டாப்பில் நிற்கும், ஹாஸ்டலில் வெந்நீர் வருமா, லேடீஸ் ஹாஸ்டல் கேட்டை எத்தனை மணிக்குப் பூட்டுவீர்கள் என்றெல்லாம் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விகள்தான். பிள்ளைக்கு மனசு சரியில்லை என்றால் இங்கே யாரிடம் போவாள் என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நான் என்ன பதில் சொல்லியிருப்பேன் என்பதையும் பின்னால் சொல்கிறேன்.

எங்கள் கல்லூரியில் கவுன்சிலிங் அறை நூலகத்துக்குப் பின்புறம், ஜெராக்ஸ் கடைக்கு அடுத்து இருந்தது. மிச்சமிருந்த இடத்தை நிர்வாகம் ஒதுக்கிக் கொடுத்தது. ஆனால் மாணவர்களுக்கு அது தோதாகிவிட்டது. ஜெராக்ஸ் எடுக்கப் போவதுபோல் போகலாம். உள்ளே ஒரு மேசை, மூன்று நாற்காலி, ஒரு டிஷ்யூ டப்பா. சுவர்க் கடிகாரம் வருகிறவரின் முதுகுக்குப் பின்னால் மாட்டியிருந்தது. பேசிக்கொண்டிருக்கும் பிள்ளையின் எதிரில் கவுன்சிலர் கையைத் திருப்பி மணி பார்க்கக் கூடாது என்பதற்காக அப்படி மாட்டச் சொன்னாராம். அந்தக் கல்லூரியில் யோசித்து மாட்டப்பட்ட ஒரே கடிகாரம் அதுதான் என்று நினைக்கிறேன்.

அங்கே உட்கார்ந்திருப்பவர் பெரும்பாலும் உளவியலிலோ சமூகப் பணியிலோ முதுகலை படித்தவராக இருப்பார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று ஒருவர் தன்னைச் சொல்லிக்கொள்ள இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். இவர்கள் யாரும் மாத்திரை எழுத மாட்டார்கள். அது மனநல மருத்துவருடைய வேலை. தேவைப்பட்டால் அவரிடம் அனுப்புவார்கள். பொதுவாகத் தனிக் கட்டணம் கிடையாது.

முதல் நாள் ஒரு படிவம் கொடுப்பார்கள். பெயர், துறை, அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்ற விவரங்கள் இருக்கும். இங்கே பேசுவது வெளியே போகாது, இன்னின்ன சமயத்தில் மட்டும் போகும் என்று அதில் எழுதியிருக்கும். படித்துக் கையெழுத்துப் போட வேண்டும். பிறகு முக்கால் மணி நேரம் பேச்சு. தூக்கம் எப்படி, மெஸ்ஸுக்குப் போகிறாயா, கூட யார் இருக்கிறார்கள், வீட்டில் யார் யார். அறிவுரை எதையாவது எதிர்பார்த்துப் போகிற பிள்ளைகளுக்கு முதல் நாள் ஏமாற்றமாகத்தான் இருக்கும். பிறந்ததிலிருந்து அறிவுரை கேட்டுப் பழகியவர்களுக்கு, எதிரில் இருப்பவர் சும்மா கேட்டுக்கொண்டிருப்பது வித்தியாசமாகத்தான் தோன்றும். அடுத்த வாரம் மறுபடி வரச் சொல்வார்கள். பலருக்கு ஐந்தாறு தடவை போதும். ஒழுங்காக நடக்கிற இடங்களில் அந்தக் குறிப்புகள் தனியே பூட்டிவைக்கப்படும். மதிப்பெண் பட்டியலிலோ டீசியிலோ நடத்தைச் சான்றிதழிலோ அதைப் பற்றி ஒரு வரி இருக்காது. கம்பெனிக்காரர்களுக்குத் தெரிந்துவிடும், பெண் பார்க்க வருகிறவர்களுக்குத் தெரிந்துவிடும் என்று பெற்றோர் கவலைப்படுகிறார்கள். தெரிந்தால் பெரும்பாலும் சொந்தக்காரர்கள் மூலமாகத்தான் தெரியும்.

என்ன காரணத்துக்காகப் போகிறார்கள்? காதல் தோல்வி என்று பெற்றோர் உடனே முடிவு கட்டுவார்கள். அதுவும் உண்டு. ஆனால் பிளஸ் டூ வரை தமிழில் படித்துவிட்டு, முதல் செமஸ்டரில் இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ் வகுப்பில் ஒரு வார்த்தையும் புரியாமல் உட்கார்ந்திருந்த பையன் போகிறான். பள்ளியில் எப்போதும் முதல் ரேங்க் எடுத்து, இங்கே வந்து அறுபது பேரில் நாற்பதாவதாகிப்போன பெண் போகிறாள். ‘உன் ஊர்ல எந்தத் தெரு’ என்று ரூம்மேட் கேட்ட கேள்வியின் உள்ளர்த்தம் புரிந்தவன் போகிறான். அப்பாவின் குடி, அக்கா கல்யாணக் கடன், பாத்ரூமில் போய் அழ வேண்டிய ஹாஸ்டல் வாழ்க்கை எல்லாம் அங்கே வரும். முதல் பட்டதாரிகளும் வருகிறார்கள். அந்தச் சான்றிதழைக் காட்டினால் அரசு கட்டணத்தில் சலுகை தருகிறது. ஒரு வம்சமே தன் தோளில் உட்கார்ந்திருக்கிறது என்ற நினைப்புக்கு எந்தச் சலுகையும் கிடையாது.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். தருமபுரி மாவட்டத்தில் அரூர்ப் பக்கம் ஒரு கிராமம். நான்காம் செமஸ்டரில் மெஸ்ஸுக்கு வருவது நின்றுபோனது. பகலில் தூங்கினான், இரவில் விழித்திருந்தான். வார்டன் கவனித்து அனுப்பிவைத்தார். நான்கைந்து தடவை கவுன்சிலரிடம் பேசிய பிறகு, அப்பாவைக் கூப்பிடலாமா என்று அவர் அவனிடமே கேட்டிருக்கிறார். கூப்பிடுங்கள், ஆனால் நான் சொன்னதைச் சொல்லாதீர்கள் என்றான். அந்த நிபந்தனையோடுதான் அழைப்பு போனது. அவனுக்கு நான் டியூட்டர் என்பதால் நானும் போய் உட்கார்ந்தேன்.

அப்பா விடியற்கால பஸ் பிடித்து வந்திருந்தார். கையில் ஒரு துணிப்பை. அதில் மகனுக்கு முறுக்கு. ‘கவுன்சிலர் பார்க்கணும்னாங்க’ என்று கேட்டில் சொல்லியிருக்கிறார். எங்க ஊர்ல கவுன்சிலர்னா தண்ணி விடறவரு சார், என்று என்னிடம் லேசாகச் சிரித்தார். பயத்தில் வந்த சிரிப்பு. உள்ளே போய் உட்கார்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, “பையன் என்னங்க சொன்னான்?”

“அதை நான் சொல்ல முடியாதுங்க ஐயா. அவனுக்கு வாக்குக் கொடுத்திருக்கேன்.”

“பெத்தவன் நானு. ஃபீஸ் கட்றவனும் நான்தான். எங்கிட்டச் சொல்லாம வேற யாருகிட்டச் சொல்லுவீங்க?”

“யாருகிட்டயும் சொல்லமாட்டேங்க. சொல்லிடுவேன்னு தெரிஞ்சா அடுத்த வாரம் அவன் வரமாட்டான். அவன் இங்க வந்துட்டிருக்கணுமா, நான் உங்களுக்குச் சொல்லணுமா, நீங்களே சொல்லுங்க.”

அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “அப்ப நான் என்னதான் பண்றது?” என்றார்.

“அவன்கூட எப்பப்ப பேசுவீங்க?”

“தெனமும் போன் போடுவேன். சாப்டியான்னு கேப்பேன். காசு இருக்கான்னு கேப்பேன். அப்புறம் அவங்கம்மாகிட்ட குடுத்துருவேன்.”

“இனிமே உடனே குடுக்காதீங்க. அஞ்சு நிமிஷம் நீங்களே பேசுங்க. மார்க்கைப் பத்தி மட்டும் வேண்டாம்.”

“வேற என்னத்தப் பேசறது?”

அவர் கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார். எனக்கும் ஒரு மகன் இருக்கிறான். வேறு ஊரில் வேலையில் இருக்கிறான். அந்த அறையில் உட்கார்ந்திருந்தபோது, நான் அவனோடு பேசுவதையெல்லாம் கூட்டிப் பார்த்தேன். இந்த விவசாயியைவிட அரை நிமிடம் கூடுதலாகப் பேசியிருப்பேன். வருமான வரி பற்றி.

மூடிய கதவுதான் பெற்றோருக்கு ஆறாத குறை. நம் பிள்ளை முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் எதையோ சொல்கிறது, நமக்கு அது கிடையாது என்றால் யாருக்கும் சுருக்கென்றுதான் இருக்கும். ஆனால் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. 18 வயது முடிந்தவர் மேஜர். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, மனநல சிகிச்சை பெறுகிறவரைப் பற்றிய தகவல்களை ரகசியமாக வைத்திருக்கும் பொறுப்பை சிகிச்சை அளிப்போர்மீது சுமத்துகிறது. அதே சட்டம் வயது வந்தவர் தனக்குப் பிரதிநிதியாக யாரையும் எழுதிக்கொடுக்கலாம் என்கிறது. அது அப்பாவாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

கதவு எல்லா நேரமும் மூடியே இருக்கும் என்றும் இல்லை. உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால், பிறருக்குத் தீங்கு நேரும் என்று தெரிந்தால், நீதிமன்றம் கேட்டால் அது திறக்கும். கையெழுத்து வாங்கும் அந்தப் படிவத்தில் மாணவருக்கு முன்கூட்டியே சொல்லப்படுவதும் இதுதான். ஆக, கவுன்சிலரிடமிருந்து உங்களுக்குப் போன் வரவில்லை என்றால், அது பெரும்பாலும் நல்ல செய்தி.

பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. ரகசியம் காக்கும் கடமை ஒரு பக்கத்துக்குத்தான். கவுன்சிலர் உங்களிடம் சொல்லக் கூடாது. நீங்கள் அவரிடம் தாராளமாகச் சொல்லலாம். பத்தாம் வகுப்பில் ஒரு வருடம் பேசாமல் இருந்தான், பாட்டி செத்ததிலிருந்து இப்படி, முன்பு மாத்திரை சாப்பிட்டு நாமே நிறுத்திவிட்டோம் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்தால் உதவும். சளிக்கு டாக்டரைப் பார்க்கப் போனால் பழைய ரிப்போர்ட் கட்டையே தூக்கிக்கொண்டு போகும் நாம், இங்கே வரும்போது மட்டும் ‘வீட்ல ஒரு பிரச்சனையும் இல்லைங்க’ என்கிறோம். நீங்கள் பேசியதை அவர் பிள்ளைக்குச் சொல்லக்கூடும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இதுவரை சொன்னது நன்றாக நடக்கிற இடத்தின் கதை. எல்லா இடத்திலும் இப்படி நடப்பதில்லை. 2015இல் பல்கலைக்கழக மானியக் குழு மாணவர் பாதுகாப்புக்காக வழிகாட்டுதல்களை வெளியிட்டது. ஒவ்வொரு கல்வி நிறுவனத்திலும் மாணவர் கவுன்சிலிங் ஏற்பாடு கட்டாயம் என்றது, நல்ல விஷயம். பயிற்சி பெற்ற ஆசிரியர்களே கவுன்சிலர்களாக, பாதுகாவலர்கள்போல, மாணவரின் மனத் தேவைகளைக் கவனிக்க வேண்டும் என்றது. கூடவே, வருகைப் பதிவையும் தேர்வு முடிவுகளையும் அவ்வப்போது பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது. மாணவரின் சொந்த விவரங்களையும் நடத்தையையும் விடுதி வார்டனோடு பகிர்ந்துகொண்டு நடவடிக்கைக்கு உதவலாம் என்றும் சொன்னது. இன்டர்னல் மார்க் போடுகிறவரும், வீட்டுக்குத் தகவல் சொல்கிறவரும், மனம் திறந்து பேச வேண்டியவரும் ஒரே ஆள். இந்த ஏற்பாட்டில் மனம் திறக்கிற மாணவருக்குக் கவுன்சிலிங் தேவைப்படாது. அவ்வளவு தைரியசாலியாக இருப்பார்.

நானும் அந்த ஆள்தான். என் பொறுப்பில் 20 மாணவர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கிய கவுன்சிலிங் புக் என்ற நோட்டு ஒன்று இருந்தது. ஒரு ஆசிரியருக்கு எத்தனை மாணவர் என்ற விகிதத்துக்கு, கல்லூரிகளுக்குத் தரம் வழங்கும் நாக் அமைப்பின் மதிப்பீட்டில் இடம் உண்டு என்பதால், குழு வருவதற்கு முந்தைய வாரம் அந்த நோட்டுகள் உயிர்பெற்று எழும். ‘நன்றாகப் படிக்குமாறு அறிவுறுத்தப்பட்டது’ என்ற வாக்கியத்தை ஒரே நாளில் 80 தடவை எழுதியிருக்கிறேன். வெவ்வேறு தேதிகளில் எழுதியதாகத் தெரிய வேண்டும் என்பதற்காக நீலப் பேனாவும் கறுப்புப் பேனாவும் மாற்றி மாற்றிப் பிடித்தேன். அரூர்ப் பையன் மெஸ்ஸுக்குப் போவதை நிறுத்திய மாதத்தில் அவன் பக்கத்தில் என் கையெழுத்தோடு ‘முன்னேற்றம் காணப்படுகிறது’ என்று இருக்கிறது. கறுப்பு மை. சேர்க்கை நாளில் யாராவது கேட்டிருந்தால் அந்த நோட்டைத்தான் காட்டியிருப்பேன்.

2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தங்கள் உயிரை முடித்துக்கொண்டதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் சொல்கிறது. உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில், உயர்கல்வி வளாகங்களில் நடப்பதை ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி ரவீந்திர பட் தலைமையில் தேசியப் பணிக்குழு ஒன்றை அமைத்தது. அதே ஆண்டு ஜூலை 25ஆம் தேதி, ஆந்திராவில் இறந்த ஒரு மாணவியின் தந்தை தொடுத்த வழக்கில் 15 வழிகாட்டுதல்களை வழங்கியது. 100 பேரோ அதற்கு மேலோ படிக்கும் நிறுவனத்தில் தகுதியுள்ள கவுன்சிலரோ உளவியலாளரோ சமூகப் பணியாளரோ குறைந்தது ஒருவர் இருக்க வேண்டும். மாணவர் எண்ணிக்கைக்கு ஏற்ற விகிதமும் வேண்டும் என்கிறது தீர்ப்பு. ஆனால் நம் நிர்வாகங்களை அறிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: ‘குறைந்தது ஒருவர்’ என்பதை ‘ஒருவருக்கு மேல் வேண்டாம்’ என்று படிக்கத் தெரிந்தவர்கள் அவர்கள். நாலாயிரம் பேருக்கு ஒருவர் உட்கார்ந்திருக்கும் அறைக்கு முன்னால் வரிசை நீளும். பெற்றோருக்கும் அடிக்கடி விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும் என்பதும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. அதற்கான கூட்டத்துக்கு எத்தனை பேர் வருவார்கள் என்பது நம் கையில்.

எனவே சேர்க்கை நாளில் பிளேஸ்மென்ட் கேள்வியோடு நான்கு கேள்விகளையும் சேர்த்துக் கேளுங்கள். முழுநேரக் கவுன்சிலர் இருக்கிறாரா, அவர் என்ன படித்திருக்கிறார்? வகுப்பெடுக்கிற ஆசிரியரே கவுன்சிலரா? நேரம் வாங்கிப் பார்க்க எத்தனை நாள் ஆகும்? ராத்திரி ஹாஸ்டலில் அவசரம் என்றால் எந்த மருத்துவமனைக்குப் போவார்கள்? இரண்டு பேர் கேட்டால் பதில் இருக்காது. இருநூறு பேர் கேட்டால் அடுத்த ஆண்டு பதில் இருக்கும். பஸ் ரூட் அப்படித்தான் வந்தது.

மனநல மருத்துவரிடம் அனுப்பினால்தான் பெற்றோர் உண்மையில் இடிந்துபோகிறார்கள். சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் 1871 முதல் இயங்கும் மனநல மருத்துவமனையால் அந்த ஊரின் பெயரையே வசையாக்கி வைத்திருக்கும் சமூகம் நாம். சினிமாவில் ‘கீழ்ப்பாக்கம்’ என்று சொன்னாலே தியேட்டர் சிரித்தது. 2001இல் ஏர்வாடியில், சங்கிலியால் கட்டிவைக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் இறந்தபோது கொஞ்ச நாள் சிரிப்பு நின்றிருந்தது. இன்றும் மந்திரித்துக் கயிறு கட்டுவதில் தொடங்கி, குணசீலம் கோயிலுக்குப் போய், ஜாதகம் பார்த்து, கடைசியாக மருத்துவரிடம் வருகிறார்கள். கோயிலுக்குப் போவதில் தப்பில்லை. சர்க்கரை வியாதிக்கும் கோயிலுக்குப் போகிறோம். மாத்திரையை நிறுத்திவிட்டுப் போவதில்லை.

ஒரு செமஸ்டர் விடுப்பு எடுக்கட்டும் என்று மருத்துவர் சொன்னால், ‘ஒரு வருஷம் வீணாயிடுமே’ என்பது அடுத்த பதற்றம். நீட்டுக்காக இரண்டு வருடம் ரிப்பீட்டர் வகுப்பில் உட்காரவைத்தால் அது முதலீடு. பிழைத்து எழ ஆறு மாதம் கேட்டால் அது நஷ்டம்.

போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற பயத்தால் மறைப்பவர்களும் உண்டு. உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவரைத் தண்டித்த, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவை 2017ஆம் ஆண்டுச் சட்டம் ஏறக்குறைய செயலிழக்கச் செய்தது; அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், அரசு அவருக்குச் சிகிச்சை தர வேண்டும் என்றது. அந்தத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்தப் பிரிவே இல்லை. மருத்துவமனைக்குப் போகத் தயங்க வேண்டியதில்லை.

தூக்கம் தலைகீழாவது, போனை எடுக்காமல் இருப்பது, பொங்கலுக்குக்கூட வர மறுப்பது, ஆசையாக வைத்திருந்த பொருட்களை யாருக்காவது கொடுத்துவிடுவது, ‘நான் இல்லாட்டி உங்களுக்குச் செலவு மிச்சம்’ என்று விளையாட்டுபோல் சொல்வது – இவற்றைக் கேட்டும் கேட்காததுபோல் விடாதீர்கள். சாகலாம் என்று தோன்றுகிறதா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது; சொல்ல ஒரு ஆள் கிடைத்தது என்ற ஆறுதல்தான் வரும். ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. தமிழ்நாட்டில் 104 என்ற உதவி எண்ணும் இருக்கிறது. பிள்ளைக்காக என்றில்லை, என்ன செய்வதென்று தெரியாமல் தவிக்கும் பெற்றோரும் அந்த எண்களில் பேசலாம்.

கவுன்சிலிங்குக்குத் தமிழில் வேறு சொற்களும் உண்டு. இலங்கையில் உளவளத்துணை என்பார்கள். இங்கே சிலர் ஆற்றுப்படுத்தல் என்கிறார்கள். பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படை நூல்கள்தான் என்பது பள்ளியில் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். அவற்றில் பெரும்பாலானவற்றில், பரிசு பெற்றுத் திரும்புகிற கலைஞன், வறுமையோடு எதிரே வரும் இன்னொரு கலைஞனை நிறுத்தி, இப்படிப் போ, இங்கே தண்ணீர் கிடைக்கும், இங்கே ஆபத்து, அங்கே உனக்குச் சோறு போடுவார்கள் என்று வழி சொல்வான். சொல்லிவிட்டுத் தன் வழியே போய்விடுவான். நடக்க வேண்டியவன் மற்றவன். அவன் வீட்டுக்குப் போய், உங்கள் பையன் இன்ன வழியில் போய்க்கொண்டிருக்கிறான் என்று யாரும் தகவல் சொன்னதாக எந்த ஆற்றுப்படையிலும் இல்லை.

அரூர்க்காரர் அடுத்த செமஸ்டருக்குப் பணம் கட்ட வந்தபோது என்னைப் பார்க்க டிபார்ட்மென்டுக்கு வந்தார். பையன் அப்போது மெஸ்ஸுக்குப் போய்வந்துகொண்டிருந்தான். கவுன்சிலரிடம் அன்றைக்கு என்ன சொன்னான் என்று இவர் அதன்பின் யாரையும் கேட்கவில்லை. போன் பேசுகிறீர்களா என்று விசாரித்தேன்.

“மொதல்ல ரெண்டு பேருக்கும் பேச்சே வரல சார். மோட்டாரு ஓடல, மழ இல்லன்னு எதையாவது சொல்லுவேன். ஒருநாளு, இந்த வருசம் குச்சிக்கிழங்கு வெல எறங்கிப்போச்சுடா, வெட்டுக்கூலிக்கே கட்டல, உங்கம்மாகிட்டக்கூட இன்னும் சொல்லலன்னேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். அப்புறம், நானும் அஞ்சு பேப்பர் போய்ட்டேம்பான்னான்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“என்னத்தச் சொல்றது? ரெண்டு பேருக்குமே இந்த வருசம் வெள்ளாம சரியில்லடா, அடுத்த போகத்துல பாத்துக்கலாம்னேன்.”